அறுபத்தெட்டு கிலோ

பன்னிரண்டு வருஷமாகப் பேசாத அப்பா உங்களைக் கேட்கிறார் என்று யாரோ ஒருத்தி போனில் சொன்னால், எந்த மகளும் காரணம் விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டாள். பூங்கோதையும் நிற்கவில்லை. தஞ்சாவூரில் தன் கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் ஃப்ரேமை மாட்டிவிட்டு, "இதோ வந்துடறேன் சார்" என்று சொன்னவள் அப்படியே பஸ் ஏறிவிட்டாள். அந்த மனிதர் முக்கால் மணி நேரம் ஃப்ரேமோடு உட்கார்ந்திருந்தார் என்று அவள் கணவன் ஜெரோம் பிறகு சொன்னான்.

போனில் பேசியவள் பெயர் லூர்து. திருச்சியில் அப்பாவை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் நர்ஸ்.

"ஐயாதாம்மா உங்க நம்பரைச் சொன்னாரு. மனப்பாடமா வச்சிருக்காரு. ரெண்டு மணிக்குள்ள வந்துடுங்க. அதுக்கு மேல வந்தா பிரயோஜனம் இல்ல."

இரண்டு மணிக்குள் உயிர் போய்விடும் என்றுதான் பூங்கோதை அர்த்தம் பண்ணிக்கொண்டாள். வல்லம் தாண்டுவதற்குள் அழ ஆரம்பித்து, துவாக்குடி வரைக்கும் அழுதாள்.

உறையூர் வீட்டு வாசலில் அவள் இறங்கியபோது மணி இரண்டு பத்து. லூர்து கேட்டருகே நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் ஈயாடவில்லை.

"போயிட்டாரா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்காரு. உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. உங்க அண்ணன் வந்து ஊசி போட வச்சிட்டாரு. பத்து நிமிஷம் ஆச்சு. இப்ப உள்ள போகாதீங்க. சொன்னாக் கேளுங்க."

பன்னிரண்டு வருஷம் போகாதவளிடம் இப்போது போகாதே என்றால் கேட்பாளா? செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

வேதாசலம் சாய்வு நாற்காலியில் இருந்தார். பாதி ஆளாக இருந்தார். கன்னம் ஒட்டிப்போனதால் மூக்குக் கண்ணாடி நிற்காமல் வழுக்கி வழுக்கி இறங்கியது. கண்ணாடிக்காரி அவள், முதலில் அதுதான் கண்ணில் பட்டது. இரண்டு விரலால் காதோரம் கொஞ்சம் வளைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார்.

"யாரு இவளை உள்ள விட்டது?"

"அப்பா, நீங்க கூப்பிட்டீங்கன்னு..."

"நான் எதுக்குக் கூப்பிடணும்? எனக்கு ஒரு பையன். பொண்ணு கிடையாது. நர்ஸம்மா, இந்த அம்மாவை வெளிய கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். காகிதம் கொஞ்சமும் நடுங்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு லூர்து அவளை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு சொன்னாள்.

"ஐயாவுக்குக் கணையத்துல கட்டி. முத்திப் போச்சு. ரெண்டு மாசம், மிஞ்சினா மூணு. அவருக்குத் தெரியாது. குடல் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்காங்க."

"தெரியாதவரு எதுக்கு என்னைக் கேட்டாரு?"

"காலையில எட்டு மணிக்குத் தெரிஞ்சிக்கிட்டாரு. இப்பத் தெரியாது. மறதி ஊசி கேள்விப்பட்டிருப்பீங்களே, அதுதான். போட்டா கடைசி ஆறு மணி நேரம் போயிடும். ஆனா அதுக்குள்ள ஆளு தூங்கிடக் கூடாது. தூங்கி எழுந்துட்டா மனசுல ஒட்டிக்கும், அப்புறம் எந்த ஊசியாலயும் எடுக்க முடியாது."

பூங்கோதை கேள்விப்பட்டிருந்தாள். யார்தான் கேள்விப்படவில்லை? கண்முன்னே விபத்தைப் பார்த்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அந்த ஒரு கணத்தை மட்டும் மறக்கட்டும் என்று எங்கேயோ கண்டுபிடித்த மருந்து அது. நம்மூருக்கு வந்ததும் வேறு உத்தியோகம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் அறைக்கு வெளியே ஓடிவந்து, "அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கையைப் பிடித்துக்கொள்கிற ஜனங்கள் நாம். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கிழித்தோம், கவரை மாற்றினோம், ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையைப் பார்க்கவிடாமல் பேச்சுக் கொடுத்தே கூட்டிப்போனோம். அத்தனை பாடும் இனி வேண்டாம் என்றால் விடுவோமா? குடும்பத்தில் பொறுப்பாளர் ஒருவர் கட்டைவிரல் வைத்தால் போதும் என்று சட்டமும் வந்தது. நோயாளியின் மன அமைதிக்காக என்று அதில் எழுதியிருந்தது.

"இதுவரைக்கும் ஏழு தடவை கண்டுபிடிச்சிட்டாரு. ஏழு தடவையும் முதல்ல கேட்டது உங்களைத்தான். கோதையைக் கூப்பிடுங்க, நான் பண்ணினது தப்பு, அவகிட்டச் சொல்லணும்னு குழந்தை மாதிரி அழுவாரு. உங்க அண்ணன் வருவாரு, ஊசி. அப்புறம் பேப்பர் படிப்பாரு. இன்னிக்கு என்னால முடியல. அதான் உங்களுக்குப் போன் பண்ணிட்டேன்."

"ஏழு தடவையா?"

"ஏழு தடவை."

அதாவது அப்பா ஏழு முறை அவளை மன்னித்திருக்கிறார். ஒரு முறைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

அண்ணன் கருணாகரன் லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து ஐந்து மணிக்கு மறுபடி வந்தான். தங்கையை ஸ்டூலில் பார்த்ததும் அவன் கத்துவான் என்று லூர்து பயந்தாள். அவன் கத்தவில்லை. பக்கத்தில் இருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தான்.

"அம்மாவுக்குச் சொன்னோம், கோதை. நீ இல்ல அப்ப. உண்மையச் சொல்லிடணும்னு நாந்தான் குதிச்சேன். நாலு மாசம் இருந்தாங்க. நாலு மாசமும் பயந்தாங்க. கதவைத் தட்டினா பயம், காக்கா கத்தினா பயம், தூங்கினா எழுந்திரிக்க மாட்டோம்னு தூக்கமே இல்ல. அதைப் பார்த்தவன் நான். அப்பாவை அப்படிப் பார்க்க என்னால ஆகாது."

"அவரு என்னைக் கேட்டிருக்காருண்ணே."

"சாவுன்னு தெரிஞ்ச உடனே கேக்குறாரு. அந்த நினைப்பு போனதும் நீ யாருன்னு கேக்குறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

அவன் என்னென்ன பண்ணியிருந்தான் என்பதையும் அப்போதுதான் சொன்னான். வேதாசலம் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருஷம் கடைகடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர். உடம்பு பொய் சொல்லும், தராசு சொல்லாது என்பது அவர் கட்சி. தினமும் குளித்துவிட்டு எடை மேடையில் ஏறி நிற்பார். எடை இறங்கவில்லை என்றால் அவரைப் பொறுத்தவரை நோய் இல்லை. ஆகவே கருணாகரன் அந்த மேடையைத் திருத்தி வைத்தான். முப்பது கிலோவுக்கு மேல் எது ஏறினாலும் அது அறுபத்தெட்டு என்றே காட்டும். ஒருநாள் அறுபத்தெட்டே கால், ஒருநாள் அறுபத்தேழே முக்கால். சட்டைகளையும் அதே நிறத்தில் அளவு குறைத்துத் தைத்து வாங்கினான். இவ்வளவு பாடுபட்டு அப்பாவை ஏமாற்றிய பிள்ளையை என்ன சொல்வது? பாசமில்லாதவன் என்று மட்டும் சொல்ல முடியாது.

ஆனால் முப்பத்தோரு வருஷம் திருட்டுத் தராசு பிடித்தவரிடம் இது எத்தனை நாளைக்கு? சந்தேகம் வந்தால், பரணில் இருக்கும் தன் பழைய ஐந்து கிலோ இரும்புக் கல்லை எடுத்து வருவார். கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறுவார். கல்லோடும் அறுபத்தெட்டு, கல் இல்லாமலும் அறுபத்தெட்டு. அவ்வளவுதான், எல்லாம் வெளிச்சமாகிவிடும்.

"கல்லையெல்லாம் எடுத்து அப்பா கார் டிக்கியில போட்டுட்டேன்" என்றான் கருணாகரன். "நீ தினம் வேணும்னாலும் வந்து பாரு. சொல்ல மட்டும் வேணாம்."

பூங்கோதை அண்ணனைப் பாவி என்று நினைத்தாள். அப்பாவின் சாவை அப்பாவிடமிருந்தே திருடுகிறான், கூடவே என் மன்னிப்பையும் திருடுகிறான் என்று நினைத்தாள். அன்று அவள் நினைத்ததில் ஒன்றும் தப்பில்லை.

மறுநாள் மத்தியானம் டிக்கியிலிருந்து ஐந்து கிலோ கல்லை லூர்து எடுத்துக் கொடுத்தாள். பூங்கோதை அதைப் பையில் வைத்து உள்ளே கொண்டுபோனாள்.

"நேத்துத்தானே சொன்னேன், எதுக்குத் திரும்ப வந்த?" என்றார் வேதாசலம்.

"போயிடறேம்பா. இதைக் கொஞ்சம் பிடிச்சிக்கிட்டு மேடையில ஏறி நில்லுங்க. அப்புறம் போகச் சொல்லுங்க, போயிடறேன்."

ஏறினார். எண்ணைப் பார்த்தார். இறங்கினார். கல்லைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறினார். பிறகு கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கை சுவரில் இடித்துச் சிராய்த்தது.

கால் மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. லூர்து மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டி, எந்த இடம், எத்தனை நாள். கேட்டுவிட்டு அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"கோதை."

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர்.

"உன் கல்யாணத்தன்னிக்கு நான் வந்தேம்மா. சர்ச்சுக்கு எதிர்த்தாப்புல ஒரு சைக்கிள் கடை இருந்துச்சு பாரு, அங்க நின்னேன். காத்தடிக்கற மாதிரி நின்னேன். நீ படியிறங்கி வந்த. கால் தடுக்கி அந்தப் பையன் கையைப் பிடிச்ச. உடனே பிடிச்சிக்கிட்டான். நல்ல பையன்தான்னு நினைச்சேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, எனக்குப் பொண்ணு இல்லைன்னு சொன்னேன்."

அவள் அவர் மடியில் தலை வைத்துக்கொண்டாள். அவர் தலையைத் தடவினார். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். பின்னால் கொடுக்கவும் செய்தாள்.

ஆனால் நான்கு மணிக்குப் பயம் வந்தது. முதலில் உள்ளங்கை வியர்த்தது. பிறகு பல் கிட்டியது. "எரிப்பாங்களா, புதைப்பாங்களா" என்று கேட்டார். "அதுக்குள்ள மூச்சு நிஜமாவே நின்னிருக்குமான்னு பார்ப்பாங்களா?" என்று கேட்டார். ஜன்னலைத் திற என்றார், மூடு என்றார். முப்பத்தோரு வருஷம் கடைக்காரர்களை நடுங்க வைத்தவர், நர்ஸின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்.

ஐந்தரைக்குக் கருணாகரன் வந்து வாசலில் நின்றான். தங்கையைத் திட்டவில்லை. "பார்த்துக்க" என்று மட்டும் சொன்னான். பூங்கோதை பார்த்தாள். பிறகு அவளே தலையாட்டினாள். அவன் ஊசி போடும் கருவியில் கட்டைவிரல் வைத்தான். லூர்து அதை அப்பாவின் கையில் வைத்து அழுத்தினாள்.

ஒரு நிமிஷம் கண் சொருகியது. பிறகு தெளிந்தது.

"மாத்திரை மயக்கமா? மணி என்ன?" என்றார் வேதாசலம். முகத்தில் கவலையே இல்லை. அப்புறம் அவளைப் பார்த்தார். "யாரு இவளை உள்ள விட்டது?"

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று அவளுக்கு உறைத்தது. பயமில்லாத அப்பாவிடம் அவளுக்கு இடமில்லை. பயந்த அப்பாவிடம் மட்டும்தான் இடம். அந்த அப்பா மத்தியானத்தில் பிறந்து சாயங்காலத்தில் போய்விடுகிறார். அவரை மறுபடி வரவழைக்க ஒரு இரும்புக் கல் போதும்.

அடுத்த நாள் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். போனாள்.

இதற்கு அவள் சொல்லிக்கொண்ட காரணங்களைக் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்பாள். கல்யாணத்தன்று என்ன நிறப் புடவை கட்டியிருந்தேன் என்று கேட்க வேண்டும். சொன்னார், சந்தன நிறம், சரியாகச் சொன்னார். அம்மா கடைசியில் என்னைக் கேட்டாளா என்று கேட்க வேண்டும். அதற்கு நான்காம் நாள் பதில் வந்தது. "தினம் கேட்டா. கண்ணாடிக் கடை எப்படி ஓடுதுன்னு கேட்டா. நாந்தான் உன்னைக் கூப்பிடல" என்று சொல்லிவிட்டு வேதாசலம் தலையில் அடித்துக்கொண்டார். அன்று பயம் மூன்று மணிக்கே வந்துவிட்டது.

கருணாகரன் முதலில் சண்டை போட்டான். பிறகு தங்கை முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்தான். "சாயங்காலத்துக்குள்ள ஊசி போட்டுடணும். அது மட்டும் தவறக் கூடாது" என்றான். தினமும் ஆபீஸை விட்டு ஓடிவர முடியாததால் அவள் கட்டைவிரலையும் இரண்டாம் பொறுப்பாளராகக் கருவியில் பதிந்து வைத்தான். அண்ணன் தங்கைக்கு இடையே பன்னிரண்டு வருஷத்தில் நடந்த முதல் நல்ல காரியம் அது.

வேதாசலத்துக்கு அவள் வந்ததில் முதல் இரண்டு நாள் மட்டுமே ஞாபகம் இருந்தது; பிறகெல்லாம் ஊசி போட்டு அவர் தெளிவதற்குள் அவள் வெளியே வந்துவிடுவாள். "அன்னிக்கே போகச் சொன்னேன்ல, திரும்ப வந்துட்டாளே" என்பார் தினமும். ஐந்து கிலோ கல்லை அவரால் இரண்டாவது வாரத்தில் தூக்க முடியவில்லை. இரண்டு கிலோ கல்லைக் கொடுத்தாள். பிறகு ஒரு கிலோ. அவர் நிஜ எடை நாற்பத்தேழுக்கு வந்திருந்தது. மேடை அறுபத்தெட்டு என்றது.

அவளுக்கும் கை பழகிவிட்டது. அவர் ஏறுவதற்கு முன்பே பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவாள், முழங்கை இடிக்காது. துண்டு, தண்ணீர், கால் மணி நேர மௌனம். அப்புறம் "கோதை." அவர் சைக்கிள் கடையைச் சொல்லும்போது அவள் முதல் தடவை கேட்பதுபோல் வாயில் கை வைத்துக்கொள்வாள். சில நாள் அவர் அதைச் சொல்ல மறந்தால், "என் கல்யாணத்தன்னிக்கு நீங்க எங்கப்பா இருந்தீங்க?" என்று எடுத்துக் கொடுப்பாள். நாலு மணிக்குப் பயம் வந்ததும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பாள்.

ஒருநாள் லூர்து அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"நிறுத்திடுங்கம்மா."

"அவருக்குத்தான் ஞாபகம் இல்லையே சிஸ்டர்."

"மனசுக்கு இல்ல. உடம்புக்கு இருக்கு. ஊசி நினைப்பைத்தான் அழிக்கும், பயம் அதுபாட்டுக்குத் தங்கிடும். நீங்க கேட்டைத் திறக்கற சத்தம் கேட்டாலே அவருக்குக் கை நடுங்குது, வேர்த்து ஊத்துது. ஏன்னு அவருக்குத் தெரியல. இவளைக் கண்டாலே பிடிக்கலைன்னு என்கிட்டச் சொல்றாரு. முன்ன கோபம்தான் இருந்துச்சு. இப்ப நிஜமாவே உங்களைப் பிடிக்கல."

பூங்கோதை கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"உங்க அண்ணன் அவருக்குத் தெரியக் கூடாதுன்னு போட்டாரு. நீங்க தினம் சொல்லிட்டுப் போடறீங்க. இதுவரைக்கும் உங்களால மட்டும் பதினாலு தடவை செத்துட்டாரும்மா அவரு."

"நாளையோட நிறுத்திடறேன்" என்றாள் பூங்கோதை.

நாளை வந்தது. கல்லைக் கொடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் ஏறி, பார்த்து, இறங்கி, ஏறி, நாற்காலியில் விழுந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. லூர்து சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பூங்கோதை துண்டோடு காத்திருந்தாள்.

அவர் அவளைக் கோதை என்று கூப்பிடவில்லை. அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பின்னால் கையை நீட்டி, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்தார்.

"இந்த நாற்காலி மூலையில இருந்துச்சு. நான் ஏறுறதுக்கு முன்னாடியே நீ இழுத்துப் போட்ட. நான் விழுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மாதாம்பா, நீங்க தளர்ந்து போயிருக்கீங்களேன்னு..."

"கடைக்காரன் தராசைத் தூக்குற விதத்துலயே எனக்குத் தெரிஞ்சிடும், திருத்தினவனா இல்லையான்னு. உன் கையில பதட்டம் இல்ல. அப்பன் சாகப் போறான்னு சொல்ல வந்தவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கேட் சத்தம் கேட்டதும் எனக்கு வேர்த்துச்சு. கோபம்னு நினைச்சேன். கோபத்துக்குக் கை சில்லிட்டுப் போகாது." அவர் லூர்துவைப் பார்த்தார். லூர்து தலையைக் குனிந்துகொண்டாள். "எத்தனை தடவை?"

"பதினாலு" என்றாள் பூங்கோதை. "இன்னிக்கோட பதினஞ்சு."

"ஏன்?"

"அப்பத்தாம்பா நீங்க என்னைக் கோதைன்னு கூப்பிடறீங்க."

வேதாசலம் கீழே கிடந்த கல்லைப் பார்த்தார்.

"சைக்கிள் கடை சொல்லிட்டேனா?"

"சொல்லிட்டீங்க."

"அம்மா கேட்டது?"

"அதுவும்."

"அப்புறம் இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

நாலு மணி ஆயிற்று. பயம் வந்தது, ஆனால் அன்று அவர் முந்தானையைப் பிடிக்கவில்லை. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அது போகும் வரை உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பதினைந்து தடவையில் அன்று ஒரு நாள்தான் அவர் அந்தப் பயத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வந்தார். வந்து, நிதானமாகப் பேசினார்.

"அந்தப் பையனைக் கட்டிக்கிட்டதை மன்னிச்சதெல்லாம் ஒரு மன்னிப்பே இல்ல. அது என் வறட்டுக் கௌரவம், அதுக்கு நாந்தான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இது வேற. தெரிஞ்சே பண்ணியிருக்க. இதை மன்னிக்க முடியுமா முடியாதான்னு எனக்கு இப்பத் தெரியல. தூங்கி எழுந்து யோசிக்கணும். இன்னிக்கு ஊசி வேணாம். தெரிஞ்சே இருந்துக்கறேன். நாளைக்குக் காலையில வா. சொல்றேன்."

லூர்து குபுக்கென்று அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க ஐயா, கஞ்சி கொண்டு வர்றேன்" என்று சமையலறைக்குப் போனாள். ஆறு மாசத்தில் அந்த வீட்டில் அவள் சந்தோஷமாகச் செய்த வேலை அந்தக் கஞ்சியாகத்தான் இருக்கும்.

வேதாசலத்தின் தலை சாய்ந்தது. களைத்திருந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. ஜன்னலில் வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. மணி ஐந்தே முக்கால்.

பூங்கோதை எதிரே உட்கார்ந்திருந்தாள். தூங்கி எழுந்தால் ஒட்டிக்கொள்ளும். காலையில் அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். கட்டி, சாவு, சைக்கிள் கடை, கூடவே பதினைந்து தடவை. 'மன்னிச்சேன்' என்று சொல்லலாம். 'முடியாது' என்றும் சொல்லலாம். முடியாது என்றால் அதை அழிக்க எந்த ஊசியும் கிடையாது. தினமும் மத்தியானம் பிறந்து அவளைக் கோதை என்று கூப்பிடுகிற அந்த அப்பாவும் அதற்குப் பிறகு வரமாட்டார்.

அவர் மூச்சு சீராகத் தொடங்கியது.

"அப்பா" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்பா, தூங்காதீங்க. அப்பா."

கருவி மேசை மேல்தான் இருந்தது. பதினாலு முறை பார்த்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. சட்டைக் கையை மேலே தள்ளினாள். அளவு குறைத்துத் தைத்த சட்டை, அதுவும் இப்போது தொளதொளவென்றுதான் இருந்தது.

வேதாசலம் பாதி கண்ணைத் திறந்தார். மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"அதுக்குள்ள விடிஞ்சிருச்சா?" என்றார். "சரி. சொல்லிடறேன். கோதை, நான் உன்னை..."

அவள் அழுத்தினாள்.

லூர்து கஞ்சியோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கிண்ணத்தை மெதுவாக மேசையில் வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "காலையில வேற ஆளை அனுப்பச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பஸ்ஸில் ஜெரோம் கூப்பிட்டான். "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டான். "நல்லா இருக்காரு. இன்னிக்கு நல்லாப் பேசினாரு" என்றாள். அவர் 'உன்னை' என்றதற்கு அப்புறம் என்ன சொல்ல வந்தார் என்பதை அவள் வல்லம் வரைக்கும் யோசித்தாள். இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் அவர் குரலுக்குப் பொருந்தின.

மறுநாள் இரண்டு மணிக்குப் போனபோது புது நர்ஸ் இருந்தாள். சின்னப் பெண், கோட்டில் பெயர்ப் பட்டைகூட இன்னும் ஒட்டவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. "கேட் சத்தம் கேட்டதும் ஐயாவுக்கு ஏன் மேடம் இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது?" என்று கேட்டாள்.

"வயசாயிடுச்சில்ல" என்றாள் பூங்கோதை.

உள்ளே வேதாசலம் இரண்டு கையாலும் பேப்பரை இறுக்கிப் பிடித்திருந்தார். அப்படியும் காகிதம் சடசடத்தது. நெற்றியில் வியர்வை நின்றது.

"அன்னிக்கே போகச் சொன்னேன்ல" என்றார். குரலில் கோபம் இருந்தது, கண்ணில் அது இல்லை. "எதுக்கு வந்த? என்கிட்ட உனக்கு என்ன வேணும்?"

அவள் முதலில் அவர் கண்ணாடியைக் கழற்றி, காதோரம் கொஞ்சம் வளைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். இப்போது வழுக்கவில்லை. இதை இத்தனை நாள் செய்யாமல் விட்டோமே என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மூலையிலிருந்த நாற்காலியைத் தொடாமல் விட்டுவிட்டாள். கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வரவழைத்துக்கொண்டாள்.

பையைத் திறந்து அரைக் கிலோ கல்லை எடுத்தாள்.

"போயிடறேம்பா" என்றாள். "இதைக் கொஞ்சம் பிடிங்க."